எங்கே நிறுத்துவது

புதுக்கோட்டையில் ஒரே முற்பகலில் இரண்டு இடங்களில் ஒரே கணிதம் நடந்துகொண்டிருக்கும். ஓரிடம், மன்னர் கல்லூரியின் முதுகலை வகுப்பு. கரும்பலகையில் ஒரு ஹில்பர்ட் வெளி, அதற்குள் மூடிய குவிவுக் கணம் ஒன்று, கணத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு எல்லாவற்றிலும் அருகில் இருக்கும் புள்ளி கணத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவுகிறார்கள். சிம்மன்ஸ் எழுதிய புத்தகத்தை வைத்து எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. தேர்வில் வரும் கேள்வி. இன்னோரிடம், 2017இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் அறை. தலையில் அடிபட்டு வந்தவரை மேசையில் படுக்கவைத்து வளையத்துக்குள் அனுப்புகிறார்கள். எக்ஸ்ரே குழாய் சுற்றுகிறது. சற்று நேரத்தில் திரையில் மண்டையின் குறுக்குவெட்டு வந்துவிடுகிறது. வகுப்பில் இருப்பவருக்கு அந்த அறை தெரியாது, அறையில் இருப்பவருக்கு இந்த வகுப்பு தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி இருவரையும் யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவைப் பேசத் தொடங்கினால், நம் கணிதத் துறைகளில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஓர் ஆராய்ச்சி வகையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே வெளிவரும்.

தொடக்கம் 1937இல் வெளியான மூன்று பக்கக் கட்டுரை. எழுதியவர் ஸ்டெஃபான் காச்மார்ஸ். ஊர் லுவூவ், அன்று போலந்தில் இருந்தது, இன்று உக்ரைனில் இருக்கிறது. தலைப்பில் ஆடம்பரம் இல்லை: நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகளின் தோராயத் தீர்வு, அவ்வளவுதான். கருத்தும் எளியது. வயலின் நடுவில் நிற்பவர் வரப்பேற வேண்டும். மிகக் குறைந்த நடை எது? வரப்புக்குச் செங்குத்தாக நடப்பது. கணிதத்தில் இதற்குப் பெயர் வீழல். இப்போது இரண்டு வரப்புகள் ஒரு மூலையில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் நிற்பவருக்கு மூலை எங்கே என்று தெரியாது. ஆனால் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு வரப்புக்கும் நேர்வழி எது என்பது மட்டும் தெரியும். முதல் வரப்புக்குப் போகிறார். அங்கிருந்து இரண்டாவதுக்கு. திரும்பவும் முதலுக்கு. ஒவ்வொரு முறை ஒரு வரப்பில் ஏறும்போதும் மற்றதை விட்டு விலகுகிறார்; ஆனால் மூலையை நோக்கி நெருங்கிக்கொண்டே இருக்கிறார். எத்தனை வரப்பு இருந்தாலும், அவை ஓர் இடத்தில் கூடுமானால், இப்படி மாறி மாறி நடந்தே அந்த இடத்தை எட்டிவிடலாம் என்பதுதான் காச்மார்ஸின் முறை. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு வரப்பு. தீர்வு, எல்லாம் கூடும் மூலை.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவு. x + y = 10, x − y = 2 என்று இரண்டு சமன்பாடுகள். பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் வீழல் (5, 5), இரண்டாவது (6, 4). முடிந்தது; அதுவே விடை. இந்த இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் இரண்டே அடி. இரண்டாவது சமன்பாட்டை x + 2y = 14 என்று மாற்றுவோம். விடை அதே (6, 4)தான். ஆனால் இப்போது (5, 5)இலிருந்து (4.8, 4.6), அங்கிருந்து (5.1, 4.9), பிறகு (4.92, 4.54), பிறகு (5.19, 4.81). ஊர்ந்து போகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையே கோணம் குறுகிவிட்டது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் பிழையில் பத்தில் ஒன்பது பங்கு மிச்சம் நிற்கிறது. அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்க 22 சுற்று வேண்டும். ‘ஒருங்கும்’, அதாவது நெருங்கி நெருங்கி விடையை எட்டும், என்ற தேற்றம் இரண்டு கணக்குக்கும் ஒன்றேதான். இரண்டு அடியில் முடிவதையும் இழுத்தடிப்பதையும் அது வேறுபடுத்திச் சொல்வதில்லை. இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வழக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

லுவூவ் அன்று கணிதத்தின் தலைநகரங்களில் ஒன்று. ஸ்டெஃபான் பனாக் அங்கேதான் இருந்தார். 1922இல் அச்சான அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான், இன்று அவர் பெயரால் வழங்கும் வெளிகளின் வரையறையும் சுருக்கச் சார்புத் தேற்றமும் உள்ளன. தொலைவை ஒரு விகிதத்தில் சுருக்கிக்கொண்டே போகும் சார்பை மறுபடி மறுபடி இயக்கினால் அது ஒரே ஒரு நிலைப்புள்ளியில், அந்தச் சார்பு நகர்த்தாத புள்ளியில், போய் முடியும் என்பது அந்தத் தேற்றம். 1929இல் பனாக்கும் ஸ்டைன்ஹாஸும் சேர்ந்து ‘ஸ்டுடியா மேத்தமேட்டிகா’ இதழைத் தொடங்கினார்கள். ஸ்காட்டிஷ் காபிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தீராத கணக்குகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தார்கள். ஒரு கணக்குக்கு உயிருள்ள வாத்து பரிசு என்றுகூட அறிவித்தார்கள். பிறகு போர் வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பனாக், டைபஸ் தடுப்பூசி தயாரித்த வைகல் ஆய்வகத்தில் பேன்களுக்குத் தன் ரத்தத்தை ஊட்டும் வேலை பார்த்துப் பிழைத்து, 1945இல் இறந்தார். காச்மார்ஸ் 1939இல் ராணுவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கே, எப்படி இறந்தார் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கூற்றுகள் இருக்கின்றன. தன் மூன்று பக்கம் என்ன ஆகப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

ஆனது இதுதான். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்க்க ஒரு வழி யோசித்தார். சாதாரண எக்ஸ்ரே, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒரே நிழலாகத் தந்துவிடும். அதே நிழலைப் பல கோணங்களில் எடுத்தால்? ஒரு கதிர் உள்ளே புகுந்து வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு, அது கடந்துவந்த கட்டங்களின் அடர்த்திகளின் கூட்டுத்தொகை. அதாவது ஒரு கதிர், ஒரு சமன்பாடு. அவர் தலையின் ஒரு வெட்டை 80க்கு 80 கட்டமாகப் பிரித்தார்: 6,400 தெரியாக் கணியங்கள். 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவீடுகள்: 28,800 சமன்பாடுகள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் நீக்கல் முறையில் இறங்கினால் 18 கோடிக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அட்டவணையைக் கட்டி மேய்க்க வேண்டும். 1970ஆம் ஆண்டுக் கணினிக்கு அது நடக்கிற காரியமில்லை. காச்மார்ஸினுடையதைப் போலத் திரும்பத் திரும்பத் திருத்திப் போகும் மறுசெயல் முறைக்கோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரி போதும். அந்தக் கதிர் தொட்ட கட்டங்களை மட்டும் சற்றுத் திருத்து, அடுத்த கதிருக்குப் போ. ஹவுன்ஸ்ஃபீல்ட் தன் போக்கில் இதற்கு வந்து சேர்ந்தார். 1970இல் கோர்டன், பெண்டர், ஹெர்மன் மூவரும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்காக இதே முறையை வெளியிட்டார்கள். அது காச்மார்ஸின் 1937ஆம் ஆண்டு முறைதான் என்பது பிறகு தெரியவந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது.

புதுக்கோட்டைக்காரர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1886இல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர்ந்தபோது பெண் படிக்க வந்ததை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்பிலிருந்து கிளம்பிய முயற்சி பல ஆண்டுகள் அலைந்து 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. அவருடைய தங்கை நோயுற்ற காலத்தில், உடலைத் திறக்காமல் உள்ளே ஒரு கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க நிழலைத் தவிர வேறு வழி இல்லை. முத்துலட்சுமி 1968இல் காலமானார். ஸ்கேன் கருவியை அவர் பார்க்கவில்லை. அவர் படித்த அதே கல்லூரியில் இன்று வீழல் தேற்றம் சொல்லிக்கொடுக்கும்போது அவருடைய பெயர் அந்த வகுப்பில் ஒலிக்கக் காரணம் இருக்கிறது. இதை யாராவது ஒரு ஆசிரியர் ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லலாம்.

கதை இத்துடன் நேராகப் போயிருந்தால் சொல்ல அதிகம் இல்லை. 1971இலேயே ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் வேறொரு வழியை வெளியிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முப்புரி வடிவத்தைக் கண்டுசொன்ன அதே ராமச்சந்திரன். அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறியிருந்தார். ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் செலுத்தி, எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலேயே திருப்பிப் பரப்பிக் கூட்டிவிட்டால் படம் வந்துவிடும். மறுசெயல் இல்லை, சுற்று இல்லை, ஒரே நடை. வேகத்தில் காச்மார்ஸ் வழி இதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ‘ராம்-லக் வடிகட்டி’ என்று உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் ஏறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்கேன் கருவிகள் இந்தக் குடும்பத்து முறைகளில்தான் ஓடின. தமிழர் பெயர் ஒன்று இவ்வளவு தூரம் போனது பற்றி நமக்குப் பெருமை இருக்கலாம். அதே பெயர்தான் மறுசெயல் முறைகளை முப்பது ஆண்டுகள் வீட்டுக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அவை திரும்பி வந்தது எதனால்? கதிர்வீச்சின் அளவால். ஸ்கேன் எடுப்பது பெருகப் பெருக, ஒவ்வொருவர் உடலிலும் பாயும் எக்ஸ்ரேயைக் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. கதிரைக் குறைத்தால் அளவீட்டில் இரைச்சல் கூடும். ஒரே நடையில் முடியும் முறை, அளவீடுகள் சுத்தமானவை என்று நம்பிப் போவது. இரைச்சலை அப்படியே படத்தில் இறக்கிவிடும். மறுசெயல் முறையில் ‘இந்தக் கதிரை முழுதாக நம்பாதே’, ‘அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாது’ என்றெல்லாம் நிபந்தனைகளை இடையில் நுழைக்கலாம். ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு குவிவுக் கணம். அதன் மேல் ஒரு வீழல். இதற்குள் கணினியும் வேகமாகிவிட்டது. 2009ஐ ஒட்டிப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகை மறுசெயல் முறையைக் கருவியோடு சேர்த்து விற்கத் தொடங்கின. அவை காச்மார்ஸின் கணக்கு அல்ல, அதன் தூரத்து வாரிசுகள். மூத்தவர் யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இதுவரை ஹில்பர்ட் வெளிதான். பனாக் வெளி எதற்கு? முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘அது இதைவிடப் பொதுவானது’. இந்தப் பதிலில் தவறு ஒன்றுமில்லை, பயனும் ஒன்றுமில்லை. சரியான பதில் உடலுக்குள் இருக்கிறது. ஹில்பர்ட் வெளியில் ஒரு படத்தின் ‘அளவு’ என்பது ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் வர்க்கமாக்கிக் கூட்டுவது. வர்க்கம் பெரிய எண்ணைக் கண்டால் தண்டிக்கும், சின்ன எண்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஆகவே அது ஒரே இடத்தில் குவிந்த மாற்றத்தைவிட நாலாபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிய மாற்றத்தையே விரும்பும். மருத்துவருக்கு வேண்டியதோ விளிம்பு. கட்டி எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது. படத்தின் பெரும்பகுதி சீராக இருந்து சில இடங்களில் மட்டும் சட்டென்று மாற வேண்டும். வர்க்கத்துக்குப் பதிலாக 1.5, 1.2 என்று ஒன்றுக்கு நெருக்கமான அடுக்கை வைத்து அளந்தால் அப்படிப்பட்ட விடைகளுக்குச் சாதகமாகக் கணக்கு சாயும். அந்த அளவோடு கூடிய வெளி ஹில்பர்ட் வெளி அல்ல, பனாக் வெளி. ஜெர்மனியில் ஷோப்ஃபர், லூயிஸ், ஷூஸ்டர் மூவரும் 2006இல் இத்தகைய வெளிகளுக்கான மறுசெயல் முறையைக் கட்டியது இந்தத் தேவைக்காகத்தான், பொதுமைக்காக அல்ல.

தேவை இருந்தால் விலையும் உண்டு. பனாக் வெளியில் செங்கோணம் இல்லை. வரப்புக்குச் ‘செங்குத்தாக’ நடப்பது என்பதே அங்கே பொருளிழக்கிறது. ‘மிக அருகில் உள்ள புள்ளி’ என்று வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் ஹில்பர்ட் வெளியில் எந்த இரண்டு புள்ளிகளை வீழ்த்தினாலும் அவற்றுக்கிடையே தொலைவு கூடாது என்று இருந்த உத்தரவாதம் போய்விடுகிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் அந்த உத்தரவாதம் எல்லாக் குவிவுக் கணங்களுக்கும் இருக்குமானால், அந்த வெளி உட்பெருக்கம் உடையது, அதாவது ஹில்பர்ட் வகையைச் சேர்ந்தது, என்றே ஆகிவிடும். வேறு வெளிக்கு அந்தச் சலுகை இல்லை. மாற்று ஏற்பாடாக யாக்கோவ் ஆல்பர் 1990களில் பொதுமைப்படுத்திய வீழல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பனாக் வெளிக்கும் அதை அளக்கும் சார்புகளால் ஆன இருமை வெளி ஒன்று தனியே உண்டு. புள்ளியை அந்த வெளிக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் அடி எடுத்துவைத்து, திரும்ப இங்கே கொண்டுவருகிறார்கள். ஹில்பர்ட் வெளியில் இரண்டும் ஒன்றே என்பதால் இந்தப் போக்குவரத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. பனாக்கில் அளக்கப்படுவதும் அளப்பதும் வெவ்வேறு உலகத்தில் இருக்கின்றன. இன்னும் விசித்திரம், ஆல்பர் பயன்படுத்தும் ‘தொலைவு’: இங்கிருந்து அங்கே ஓர் அளவு, அங்கிருந்து இங்கே வேறோர் அளவு. சமச்சீர் இல்லாத தொலைவை வைத்துக்கொண்டு ஒரு வடிவியல் நடக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையின் அழகான பகுதியாகப் படுகிறது. அழகு என்பதற்காகவே ஒருவர் இதில் வாழ்நாளைச் செலவழித்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

குறை வேறிடத்தில். நம் பக்கத்துக் கல்லூரிகளில், தமிழ்நாடு முழுவதும், ஏன் இந்தியா முழுவதுமே, நிலைப்புள்ளிக் கோட்பாட்டில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு ஒரு அச்சு உண்டு. சீரான குவிவும் மென்மையும் உள்ள ஒரு பனாக் வெளி. அதில் தொலைவைக் கூட்டாத ஒரு சார்பு; அல்லது அந்த நிபந்தனையைச் சற்றே தளர்த்திய ஒரு சார்பு. மான் 1953இல் ஒரு சராசரி முறை தந்தார். இஷிகாவா 1974இல் அதை இரண்டு படியாக்கினார். நூர் 2000இல் மூன்று படியாக்கினார். அதன் பிறகு படிகளுக்கு இடையே புதிய காரணிகளை நுழைப்பது, இரண்டு முறைகளைக் கலப்பது, ஒரு சார்புக்கு இருந்ததைச் சார்புகளின் குடும்பத்துக்கு நீட்டுவது என்று பட்டியல் நீள்கிறது. தேற்றம் எப்போதும் ஒன்றே: சுற்றுகள் முடிவின்றிப் போனால் நிலைப்புள்ளியில் ஒருங்கும். கடைசியில் ‘எண்வழி எடுத்துக்காட்டு’ என்று ஒரு பக்கம். அங்கே பனாக் வெளியைத் தேடினால் கிடைக்காது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள கோட்டில் x-ஐப் பாதியாக்கும் சார்பு இருக்கும். அதன் நிலைப்புள்ளி பூஜ்யம் என்று பேனாவை எடுக்காமலே சொல்லலாம். அதற்கு ஓர் அட்டவணை, நம் முறை பழைய முறையைவிட இத்தனை சுற்றில் வேகம் என்று.

இதைக் கேலியாக மட்டும் எழுதிவிட்டுப் போவது அநியாயம். இந்த வகை ஆராய்ச்சி நம் ஊர்களில் இவ்வளவு தழைத்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. இயற்பியல் செய்ய ஆய்வகம் வேண்டும், வேதியியல் செய்ய ரசாயனமும் கருவியும் வேண்டும். இதற்குத் தாளும் பேனாவும் ஒரு வழிகாட்டியும் போதும். அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள், குறிப்பாகப் பெண்கள், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க முடிந்த துறைகளில் இது ஒன்று. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது; பதவி உயர்வு வேண்டும் என்றால் முனைவர் பட்டமும் கட்டுரைகளின் எண்ணிக்கையும் கேட்கிறார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். அச்சைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த அச்சில் வார்ப்பதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே இருக்கிறது. சுற்றுகள் முடிவின்றிப் போனால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்கு நம்மிடம் ஆயிரக்கணக்கில் தேற்றங்கள் உண்டு. ஸ்கேன் அறைக்கு வேண்டியது பின்னது.

காரணம் இது. அளவீட்டில் இரைச்சல் இருக்கும்போது மறுசெயல் முறை ஒரு வேடிக்கை காட்டும். முதல் சில சுற்றுகளில் பெரிய உருவங்கள் தெளிகின்றன. இன்னும் கொஞ்சம் போனால் விளிம்புகள் கூர்மையாகின்றன. அதற்கு மேலும் விடாமல் சுற்றினால் படம் கெடத் தொடங்குகிறது. எல்லாச் சமன்பாடுகளையும் இன்னும் துல்லியமாக நிறைவேற்றப் போய், சமன்பாட்டில் கலந்திருக்கும் பிழையையும் சேர்த்து நிறைவேற்றிவிடுகிறது. கணக்கு தன் தீர்வை நோக்கி ஒருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்வு நோயாளியின் உடல் அல்ல. உண்மைக்கு மிக அருகில் இருந்த இடம் வழியில் எப்போதோ கடந்துபோய்விட்டது. இதற்கு அரை ஒருங்கல் என்று பெயர். எல்லையைப் பற்றிய தேற்றம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இங்கே உதவாது. எல்லை தவறான இடம்.

நிறுத்தும் விதி இல்லாமலில்லை. 1966இல் ரஷ்யக் கணிதவியலாளர் மொரோசோவ் சொன்னது: மீதிப் பிழை அளவீட்டு இரைச்சலின் அளவுக்கு வந்ததும் நின்றுவிடு, அதற்குக் கீழே போகாதே. எளிய விதி. ஆனால் அதைப் பயன்படுத்த இரைச்சல் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அது எந்தத் தேற்றத்திலும் இல்லை. குழாய்க்கு எத்தனை கிலோவோல்ட், எத்தனை மில்லியாம்பியர் வைத்து எடுத்தார்கள், நோயாளி அசைந்தாரா என்பது ஸ்கேன் அறையில் இருக்கும் ரேடியோகிராபருக்குத் தெரியும். கணிதம் தன் சொந்தக் கேள்விக்கு விடை காண அந்த அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்துக்காக அல்ல, தன் தேவைக்காக.

வரிசையும் அப்படித்தான். காச்மார்ஸின் முறையில் சமன்பாடுகளை எந்த வரிசையில் எடுத்தாலும் ஒருங்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் கிட்டத்தட்ட இணை. நாம் மேலே பார்த்த x + 2y கணக்கைப் போல ஊர்ந்து போகும். தள்ளித் தள்ளி இருக்கும் கோணங்களை மாற்றி மாற்றி எடுத்தால் வேகம் கூடுகிறது என்று ஹெர்மனும் மேயரும் 1993இல் செய்துகாட்டினார்கள். தற்செயலாக எடுத்தால் சராசரியில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை ஸ்ட்ரோமரும் வெர்ஷினினும் 2009இல் நிறுவினார்கள். காச்மார்ஸ் எழுதி 72 ஆண்டு கழித்து! அந்த மூன்று பக்கத்துக்குள் அவ்வளவு காலம் ஒரு நல்ல கேள்வி சும்மா கிடந்திருக்கிறது. அதே நேரத்தில் எத்தனை நான்கு படி முறைகள் அச்சேறின என்று நினைத்துப் பார்க்கிறேன்.

முடிவிலாப் பரிமாணத்தின் பக்கம் நிற்பவர்கள் இங்கே ஆட்சேபம் எழுப்புவார்கள். நியாயமான ஆட்சேபம். கணினியில் எல்லாம் முடிவுள்ள பரிமாணம். அங்கே வலுவான ஒருங்கல், மெலிவான ஒருங்கல் என்ற வேறுபாடே கிடையாது. முடிவிலாப் பரிமாணத்தில் அது உயிர்நாடி. இரண்டு குவிவுக் கணங்களுக்கு இடையே மாறி மாறி வீழ்த்தினால் மெலிவாக ஒருங்கும் என்று பிரெக்மன் 1965இல் நிறுவினார். வலுவாகவும் ஒருங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருங்காமலும் போகலாம் என்று ஹுண்டல் 2004இல்தான் எடுத்துக்காட்டு கட்டினார். இதெல்லாம் வெறும் விளையாட்டு அல்ல. கட்டங்களை 80இலிருந்து 800 ஆக்கினால் முறை தாங்குமா, தள்ளாடுமா என்பதற்கான முன்னறிவிப்பு அதில்தான் இருக்கிறது. ஆகவே கருத்தியல் கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருத்தியலாகவே இருந்து நல்ல கேள்வி கேட்க முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது.

வரப்புகள் ஓரிடத்தில் கூடாவிட்டால்? இரைச்சல் உள்ள 28,800 சமன்பாடுகளுக்குப் பொதுப் புள்ளி இருக்காது, நிச்சயம் இருக்காது. அப்போது ‘தீர்வு’ என்று எதைச் சொல்வது? சென்னை ஐ.ஐ.டி.யில் பி. வீரமணியும் அந்தோணி எல்ட்ரெட்டும் இந்தக் கேள்வியைத் தூய வடிவில் எடுத்தார்கள். ஒன்றையொன்று தொடாத இரண்டு கணங்கள். முதலில் உள்ளதை இரண்டாவதுக்கும் இரண்டாவதில் உள்ளதை முதலுக்கும் அனுப்பும் ஒரு சார்பு. நிலைப்புள்ளி இருக்க முடியாது, ஏனென்றால் எந்தப் புள்ளியும் தன் கணத்தில் தங்குவதில்லை. ஆனால் தன் எதிர்ப்புள்ளியிலிருந்து, இரண்டு கணங்களுக்கிடையே உள்ள மிகக் குறைந்த தொலைவில் நிற்கும் புள்ளி இருக்கலாம். சீரான குவிவுள்ள பனாக் வெளியில், அவர்கள் வரையறுத்த வட்டச் சுருக்கச் சார்புக்கு, அப்படியொரு புள்ளி ஒன்றே ஒன்று உண்டு என்றும் மறுசெயலால் அதை அடையலாம் என்றும் 2006இல் நிறுவினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவின் வில்லியம் கிர்க்கோடு சேர்ந்து இதே பாதையில் எழுதிய கட்டுரை ‘ஸ்டுடியா மேத்தமேட்டிகா’வில் வந்தது, பனாக்கும் ஸ்டைன்ஹாஸும் லுவூவில் தொடங்கிய அதே இதழ். அந்தக் கட்டுரைகளை உலகம் முழுவதும் எடுத்தாள்கிறார்கள். அவற்றில் ஸ்கேன் இல்லை, நோயாளி இல்லை, ஒரு எண்கூட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுப் புள்ளி இல்லாத இடத்தில் நேர்மையான விடை எது என்ற உண்மையான கேள்வி இருக்கிறது. பொதுமைப்படுத்தல் எப்போது தகும் என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: புதிய நிபந்தனை பழைய தேற்றத்தைத் தளர்த்த வந்ததா, அல்லது பழைய தேற்றத்தால் பேசவே முடியாத ஒரு நிலைமையைப் பேச வந்ததா?

புதுக்கோட்டையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். கடைசி அத்தியாயத்தில் x-ஐப் பாதியாக்காதீர்கள். ஷெப்பும் லோகனும் 1974இல் வெளியிட்ட தலை மாதிரி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; நீள்வட்டங்களால் ஆன பொய்யான மண்டை, உண்மை என்ன என்று நமக்கு முன்பே தெரிந்த மண்டை. அதன் நிழல்களை நீங்களே கணக்கிட்டு, கொஞ்சம் இரைச்சல் கலந்து, உங்கள் முறையை அதில் ஓட்டிப் பாருங்கள். பைத்தானில் காச்மார்ஸின் முறை இருபது வரிக்கு மேல் போகாது; கல்லூரிக் கணினி தாராளமாகத் தாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் உண்மையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறீர்கள் என்று வரைபடம் போடுங்கள். அது இறங்கி, தட்டையாகி, பிறகு ஏறத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நடை போய், அங்கே இரைச்சல் எவ்வளவு இருக்கும் என்று விசாரியுங்கள். ஆய்வேட்டில் தேற்றத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்: எத்தனையாவது சுற்றில் நிறுத்தினீர்கள், ஏன்.